துரு வாங்கும் கை

“அவளுக்கு வலிக்கவே வலிக்காதாம். அவளே சொன்னாளாம்.”

தண்ணீர் லாரிக்காகக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுக் கேட்டுக்கு வெளியே நின்ற இரண்டு பெண்களில் ஒருத்தி இதைச் சொன்னாள். கேட்டுக்கு உள்ளே முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த ஜெனோவாவின் காதில் அது தற்செயலாக விழுந்தது. “பின்ன, வலிச்சா மனுசி சும்மா இருப்பாளாக்கா” என்று மற்றவள் சொல்லிவிட்டு, லாரி வருகிறதா என்று தெருமுனை வரை நடந்துபோனாள்.

ஜெனோவா தன் கைகளைப் பார்த்தாள். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை அவை கரையில் கிடக்கும் பழைய நங்கூரத்தின் நிறத்தில் இருந்தன. வலிக்காது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. வலிக்கிறது என்று ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருந்தாள்.

சங்குத்துறை காலனியில் இரும்பு அதிக நாள் வாழ்வதில்லை. கிழக்கே கடலும் மேற்கே உப்பளமும் இருப்பதால் எந்தத் திசையிலிருந்து காற்று வந்தாலும் அதில் உப்பு இருக்கும். அந்த உப்பு கேட்டைத் தின்னும், கேட்டைத் தின்று முடித்ததும் கீலைத் தின்னும், மொட்டைமாடித் தொட்டியின் காலைத் தின்னும், துணி காயப்போடும் கம்பியைத் தின்று அதில் காய்ந்த வெள்ளைச் சட்டையின் முதுகில் ஒரு கோடும் இழுத்துவிட்டுப் போகும். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் காலனி முழுக்கத் துரு சுரண்டும் சத்தம் கேட்கும். கம்பி பிரஷும் உப்புத்தாளும் வைத்துப் பெண்கள் சுரண்டுவார்கள். சுரண்டி முடித்த இரும்பில் ஆண்கள் பெயின்ட் அடிப்பார்கள். பெயின்ட் நன்றாக வந்திருந்தால் தெருவில் போகிறவர்கள் நின்று, அடித்தவரைப் பாராட்டுவார்கள். எந்த வீட்டிலும் இது வேறு மாதிரி நடந்ததில்லை.

ஜெனோவாவின் கணவன் ரொமால்டுக்குத் துறைமுகத்தில் எடைமேடையில் வேலை. அதிர்ந்து பேசாதவன், குடிக்காதவன், யார் என்ன கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாதவன். அதனால் எல்லாருக்கும் அவனைப் பிடிக்கும், ஆனால் யாருக்கும் அவன் ஞாபகம் வராது. அவன் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து ஒரு ஸ்பிரே கன்னும் சின்னக் கம்பிரசரும் வாங்கினான். கொல்லையில் கிடந்த இரும்பு ஊஞ்சல், கால் ஆடும் இரண்டு நாற்காலிகள், தண்ணீர் மோட்டாரின் மூடி, வாசல் கேட் எல்லாவற்றையும் வீட்டிலேயே புதுசாக்கிவிடலாம் என்றான். பெயின்ட் புகை பக்கத்து வீட்டுத் துணியில் படாமல் இருக்க ஜெனோவாவின் பழைய சேலைகளைச் சுற்றிலும் திரைபோலக் கட்டினான், மூக்கை அவளுடைய துப்பட்டாவால் கட்டினான், தின்னர் எவ்வளவு, பெயின்ட் எவ்வளவு என்று கலந்து ஒரு பழைய தகரத்தில் அடித்துப் பார்த்தான். பார்க்க வந்தவர்களிடம் அவன் சொன்ன முதல் பாடம் ஒன்றுதான்.

“துருவ எடுக்காம மேல அடிக்கவே கூடாது மாமா. வெளிய பளபளன்னுதான் இருக்கும். உள்ளுக்குள்ள அது பாட்டுக்குத் தின்னுக்கிட்டே வரும். ஒரு நா கைய வச்சா பொத்துக்கிட்டுப் போவும்.”

துருவை எடுக்கிற வேலை ஜெனோவாவுடையது. ஊஞ்சலின் முதுகுத் தகட்டில் அவள் காலையிலிருந்து சுரண்டிக்கொண்டிருந்தாள். பிரஷின் கம்பிகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டன. தூசியைத் தள்ளுவதற்காக உள்ளங்கையால் ஒரு தடவை தடவினாள். ஆறிய பால்மேல் படிந்த ஆடை விரலோடு வருவதுபோலத் துரு அவள் கையோடு வந்தது. கீழே இரும்பு, பட்டறையை விட்டு வந்த அன்றைக்கு இருந்ததுபோல வெளுத்து நீலம் பாரித்து இருந்தது. அவள் உள்ளங்கையில் வட்டமாக ஒரு பழுப்பு. சோப்பு போட்டாள், புளி போட்டாள், மண்ணெண்ணெய் போட்டாள். போகவில்லை.

ரொமால்ட் குனிந்து இரும்பைப் பார்த்தான்.

“இன்னொருக்கத் தடவு பாப்போம்” என்றான்.

அன்று சாயங்காலத்துக்குள் ஊஞ்சலும் நாற்காலிகளும் மூடியும் கேட்டும் முடிந்தன. பெயின்ட் மூச்சுக்காற்றுபோலப் போய் ஒட்டியது, ஒரு சொட்டு வழியவில்லை. வாசலில் நின்ற புது நீல கேட்டில் போகிறவர்கள் முகம் பார்த்துத் தலைசீவினார்கள். ரொமால்டின் பெயரை அன்றைக்குத்தான் அந்தத் தெரு முழுசாகச் சொன்னது.

அடுத்த வீட்டு டார்த்தி அக்காதான் முதலில் வந்தாள். ஜெனோவா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மதில்மேல் கையை ஊன்றி அவளோடு கதை பேசுகிறவள், அவளிடம் மட்டுமே ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிறவள். “ஏட்டி, எங்க வீட்டு ஜன்னல் கம்பியையும் கொஞ்சம் தொட்டுக் குடேன்” என்றாள். ஜெனோவா தொட்டுக் கொடுத்தாள். பிறகு டார்த்தி அக்காவின் நாத்தனார் வீடு, நாத்தனாரின் எதிர்வீடு, அந்தத் தெரு, அடுத்த தெரு. கேட்டுகளைக் கழற்றி நான்கு பேர் தோளில் வைத்துப் பிரேதம் தூக்குவதுபோலத் தூக்கிவந்தார்கள். சைக்கிள்கள் வந்தன, ஐஸ் பாக்டரியின் கதவு வந்தது, வள்ளங்களின் நங்கூரங்கள் சங்கிலியோடு மணலில் கோடு கிழித்துக்கொண்டு வந்தன.

யாரும் வெறுங்கையோடு வரவில்லை. நெய்மீன் துண்டு கொண்டுவந்தார்கள், தோட்டத்து வாழைத்தார் கொண்டுவந்தார்கள், அவள் உட்கார மணை கொண்டுவந்தார்கள். காலனி அந்த அதிசயத்துக்குத் தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துக்கொண்டது. பூசையில் திவ்விய நற்கருணை அப்பம் வாங்கிய அன்று அவள் துரு எடுக்கலாமா கூடாதா என்று பேசி, எடுக்கலாம் என்று முடிவு செய்தார்கள். ஆயர் சொல்லாமல் இதைப் புதுமை, அற்புதம் என்று சொல்லக்கூடாது என்று பங்குச் சாமியார் பிரசங்கத்தில் சொன்னார், பிறகு கோயிலின் மணிக்கூண்டு ஏணியை அனுப்பிவைத்தார். கம்பி பிரஷ் விற்காமல் போனதே என்று வருத்தப்பட்ட ஹார்டுவேர் கடைக்காரர் பெயின்டில் பதினாறு நிறம் வாங்கிப் போட்டதும் வருத்தத்தை விட்டுவிட்டார். வீடுகளில் கிடந்த பழைய பிரஷ்களை எல்லாரும் குப்பையில் எறிந்தார்கள். ரேஷன் கடை எந்திரம் ஜெனோவாவின் கைரேகையை மனிதக் கைரேகையாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைக்காரர் ரொமால்டின் விரலை வாங்கிக்கொள்ளப் பழகினார். பூசையில் சமாதானம் சொல்லும் நேரத்தில் எல்லாரும் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடிப்பார்கள். ஜெனோவாவின் இரண்டு பக்கமும் இருந்தவர்கள் மட்டும் அவளைப் பார்த்துக் கைகூப்பினார்கள், மரியாதையாக, கொஞ்சம் தலைகுனிந்தே கூப்பினார்கள்.

துரு மணிக்கட்டைத் தாண்டியபோது அவள் தையல் மெஷினில் உட்கார்ந்தாள். வெள்ளைத் துணியில் அவள் விரல் பட்ட இடமெல்லாம் மண்கறை விழுந்தது. டார்த்தி அக்கா வந்து வெட்டாமல் கிடந்த தன் துணிகளை எடுத்துக்கொண்டாள். “உனக்கு எதுக்குட்டி சிரமம்? நான் மார்க்கெட்டுல குடுத்துக்கிடுதேன்” என்றாள். மற்றவர்களும் அப்படியே, ஒவ்வொருவராக, அவள் சிரமத்தைக் குறைத்தார்கள். ஒரு வாரத்தில் மெஷின் பக்கத்தில் ஒரு துணிகூட இல்லை, கொல்லையில் கேட்டுகள் வைக்க இடமில்லை.

வலி அப்போதுதான் வந்தது. நண்பகல் நேரம், அடுப்படியில், சோறு வடித்துக்கொண்டிருந்தவள் பானையைக் கீழே வைத்துவிட்டு ரொமால்டிடம் சொன்னாள்.

“எலும்புக்குள்ள யாரோ போல்ட்டு முறுக்குத மாதிரி இருக்குங்க. ராத்திரி பகல்னு இல்ல. வெரல மடக்கினா உள்ள கீச்சுங்குது.”

அவன் பதறிப்போனான். அவள் கைகளை மடியில் வைத்துத் தேங்காய் எண்ணெய் தேய்த்து ஊதிவிட்டான். மறுநாளே லீவு போட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனான். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, உடம்பில் இரும்புச்சத்து குறைவு என்று சிவப்பு மாத்திரை எழுதிக்கொடுத்தார். பிறகு அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். “மடங்குற வரைக்கும் பரவால்ல. இனிமே ஏறவிடாதீங்க. மடங்குறது நின்னுட்டா அப்புறம் திரும்பாது” என்றார்.

பஸ்ஸில் வரும்போது ரொமால்ட் சொன்னான், “இனி போதும் ஜெனோ. அங்கன்வாடி சறுக்கு மட்டும். பிள்ளைகளுக்குல்லா.”

சறுக்கு முடிந்ததும் ஆம்புலன்ஸ் ஷெட்டின் கதவு வந்தது, அது நோயாளிகளுக்கு. அது முடிந்ததும் கல்லறைத் தோட்டத்து வேலி வந்தது, அது இறந்தவர்களுக்கு. அவள் ஒவ்வொரு தடவையும் அவன் முகத்தைப் பார்ப்பாள். இதுதான் கடைசி என்று அவன் முகம் சொல்லும். அந்த முகத்தை அவள் நம்பினாள், ஏனென்றால் வலியை அறிந்த இன்னொரு மனிதன் உலகத்தில் அவன்தான்.

அதனால், கேட்டுக்கு வெளியே அந்தப் பேச்சைக் கேட்ட அன்று அவள் கீரையைக் கீழே வைத்துவிட்டு நேராக அவனிடமே போனாள்.

“எனக்கு வலிக்காதுன்னு நானே சொன்னேனாம். யாருங்க சொல்லியிருப்பா?”

அவன் ஸ்பிரே கன்னின் நாஸிலில் அடைத்திருந்த பெயின்டை ஊசியால் குத்தி எடுத்துக்கொண்டிருந்தான். “ஊர் வாய்” என்றான். ஊசியைத் துடைத்துவிட்டு, “டார்த்திக்கா எதையாவது பேசிக்கிட்டே இருப்பாங்கள்லா” என்றான்.

ஜெனோவா யோசித்துப் பார்த்தாள். துணிகளைத் திருப்பி எடுத்த முதல் ஆள் டார்த்தி அக்கா. கைகூப்பியவர்களில் ஒருத்தி டார்த்தி அக்கா. மறுநாள் டார்த்தி அக்கா மதில்மேல் நீட்டிய தட்டில் குழாப்புட்டு இருந்தது. அந்தத் தட்டை ஜெனோவா கழுவித் துடைத்து ஒன்றும் வைக்காமல் திருப்பிக் கொடுத்தாள். அந்தக் காலனியில் தட்டை வெறுமையாகத் திருப்பினால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். டார்த்தி அக்கா தட்டைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், உள்ளே போனாள். பிறகு மதில்மேல் யாரும் கை ஊன்றவில்லை.

மாதா திருவிழா நெருங்கியது. ஒரு காலை கமிட்டித் தலைவர் பல்தசார், இரண்டு பேரோடு வந்து முற்றத்தில் உட்கார்ந்தார். ஜெனோவா தேநீர் கொண்டுவந்தாள். விரல்கள் தம்ளரைப் பிடிக்காததால் தட்டை முன்னங்கைகளில் தாங்கி வந்தாள். துரு அப்போது தோளுக்கு நான்கு விரல் கீழே நின்றது. சுண்டுவிரல்களும் மோதிர விரல்களும் மடங்குவதை நிறுத்தியிருந்தன.

“கோயில் இரும்புக் கொடிமரத்தத்தான் கொண்டாரணும் மாப்ள” என்றார் பல்தசார். “அடி முதல் நுனி வரைக்கும் துரு செதில் செதிலா நிக்கி. இவனுவகிட்ட சுரண்டுங்கலேன்னா பிரஷு எங்கன்னு கேக்கானுவ.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஆனா ஒண்ணு. பிள்ளைக்குக் கை எப்படி இருக்கு? நோவு கீவு இருந்தா சொல்லிரு. கெடக்கட்டும். மூங்கில நட்டுக் கொடியேத்திக்கிடுவோம். மாதா ஒண்ணும் சொல்லமாட்டா.”

ஜெனோவா கதவு நிலையில் நின்றாள். இத்தனை நாளில் யாரும் கேட்காத கேள்வி, திறந்த கேட்டுபோல, முற்றத்தின் நடுவில் நின்றது. பேசுவதற்கு அவளுக்கு வராது. நாலு பேர் முன்னால் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. அவள் ரொமால்டைப் பார்த்தாள். அவன் சொன்னால் போதும்.

“நோவா?” ரொமால்ட் சிரித்தான். “அவளுக்கு வலிக்கவே வலிக்காது மாமா. அவளே சொல்லியிருக்கா.”

பல்தசாரின் முகம் தெளிந்தது. “கல்லறை வேலி கொண்டாந்தப்பவும் நீ இதத்தான் சொன்ன. இருந்தாலும் திருவிழா காரியம், ஒருக்கக் கேட்டுக்கிடுவோம்னுதான்” என்றார். தேநீர் நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார்.

அவர்கள் போனபிறகு அவள் அவன் எதிரில் வந்து நின்றாள். அவன் கம்பிரசரின் ஒயரைச் சுருட்டினான், அவிழ்த்தான், மறுபடி சுருட்டினான்.

“ஊரே நம்மள நம்பிக் கெடக்கு ஜெனோ. வலிக்குன்னு சொன்னா அவங்களுக்கெல்லாம் எவ்வளவு சங்கடமா இருக்கும்? இத்தன நாளா பண்ணினதுக்கு அவங்க மூஞ்சிய எங்க கொண்டு வைப்பாங்க?”

அவள் தன் மடங்காத விரல்களை அவன் முன்னால் நீட்டினாள்.

“உனக்கு வலிக்கிறது எனக்குத் தெரியும்லா” என்றான் அவன். “நான் ஒருத்தன் தெரிஞ்சு வச்சிருக்கேன்ல. அது போதாதா?”

அவள் கொல்லைக்குப் போனாள். மதிலுக்கு அந்தப் பக்கம் டார்த்தி அக்கா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ஜெனோவா மதிலருகே நின்றாள். “அக்கா” என்று கூப்பிட்டது அவளுக்கே கேட்கவில்லை. டார்த்தி அக்கா துணியை அடித்துப் பிழிந்து, வாளியைத் தூக்கிக்கொண்டு, நிமிராமல் உள்ளே போனாள்.

கொடியேற்றத்தன்று காலையில் கொடிமரத்தைத் தூக்கிவந்தார்கள். அது கொல்லையைவிட நீளம். கொல்லைக் கதவைக் கழற்றி, அடிப்பகுதியை உள்ளேயும் நுனியைத் தெருவிலுமாக கால் பரப்பிய மரக்குதிரைத் தாங்கிகள்மேல் கிடத்தினார்கள். காலனியில் நடக்க முடிந்தவர்கள் எல்லாரும் வந்தார்கள். பெண்கள் பூ வைத்திருந்தார்கள், ஆண்கள் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்கள், சேலைத் திரைகளைத் தாண்டிப் பார்க்கச் சிலர் மதில்மேல் ஏறியிருந்தார்கள்.

ரொமால்ட் விடிந்ததிலிருந்து ஒரு கிண்ணத்தில் பெயின்ட் கலந்துகொண்டிருந்தான். அது கொடிமரத்துக்கான வெள்ளி நிறம் இல்லை. சாயங்காலம் வெளியூர் ஆட்கள் வருவார்கள், ஆயர் வருவார், போட்டோக்காரர்கள் வருவார்கள், ஜெனோவாவை முன்வரிசையில் நிறுத்தப் போகிறார்கள். அந்தக் கைகளோடு எப்படி நிறுத்துவது என்று பல்தசார் கேட்டிருந்தார். அதற்கு வழி இருக்கிறது என்று ரொமால்ட் சொல்லியிருந்தான். பழுப்பு கொஞ்சம், மஞ்சள் கொஞ்சம், வெள்ளை, ஒரு துளி சிவப்பு. துரு ஏறாமல் மிஞ்சியிருந்த அவள் தோள்பட்டையின் அருகே குச்சியை வைத்து ஒத்துப்பார்ப்பான், போய்க் கலப்பான், திரும்ப வந்து ஒத்துப்பார்ப்பான். கல்யாணத்துக்குப் பிறகு அவன் அவள் தோலை அவ்வளவு நேரம் பார்த்தது அன்றைக்குத்தான். கடைசியில் குச்சி எது தோள் எது என்று தெரியாத அளவுக்கு நிறம் வந்துவிட்டது. பார்த்தவர்கள், “அச்சு அசலா இருக்குல” என்றார்கள். அவனுக்கு முகம் சிவந்தது. கன்னின் கப்பை அந்தப் பெயின்டால் நிரப்பி மரக்குதிரைமேல் வைத்தான்.

“மொதல்ல கொடிமரத்தத் தடவிரு” என்றான். “ஒடனே கைக்கு அடிச்சிருவேன். பூசைக்கு முன்ன காஞ்சிரும். கொடிமரத்துக்கு வெள்ளிய பொறவு அடிச்சிக்கிடலாம்.”

“சுரண்டாமலா அடிப்பிய?” என்று ஜெனோவா கேட்டாள்.

“என்னது?”

“என் கைக்கு. துருவ எடுக்காமலா அடிப்பிய?”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். ரொமால்டும் சிரித்தான். “ஏட்டி, நீ என்ன இரும்பா? திருவிழா முடியுத வரைக்கும் நின்னாப் போதும்.”

கம்பிரசரைப் போட்டான். அது உறுமிக் காற்றைச் சேர்த்துக்கொண்டு ஓய்ந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் டார்த்தி அக்காவும் வந்து நின்றிருந்தாள். ஜெனோவா கொடிமரத்தின் அடிப்பக்கம் போனாள். துரு அங்கே மரப்பட்டைபோல எழும்பி நின்றது. பல்தசார் தலையிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். ஒரு பெண் செபமாலையை ஆரம்பித்தாள்.

ஜெனோவா குனிந்து ஸ்பிரே கன்னை எடுத்தாள்.

ஆள்காட்டி விரல் விசையைச் சுற்றி வளையவில்லை. கன்னை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, இரண்டு கட்டை விரல்களையும் சேர்த்து விசைமேல் வைத்து, முழு உடம்பாலும் அழுத்தினாள். அவள் தோளின் நிறத்தில் பெயின்ட் புகையாகக் கிளம்பித் துருவின்மேல் படிந்தது.

“ஜெனோ, துருவ எடுக்கல” என்றான் ரொமால்ட்.

அவள் ஓர் அடி தள்ளி வைத்து அடித்தாள். இன்னும் ஓர் அடி.

“ஏட்டி, துருவ எடுக்கல.”

பல்தசார் சட்டையில் பெயின்ட் படாமல் பின்னால் நகர்ந்தார். மற்றவர்களும் நகர்ந்தார்கள். அவள் செதில்களின்மேல், குழிகளின்மேல், கயிறு கட்டும் வளையங்களின்மேல், நிறுத்தி நிதானமாக, எங்கும் வழியாமல் எங்கும் விட்டுப்போகாமல் அடித்துக்கொண்டே கதவு கழற்றிய வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்தாள். காற்றுக்குழாய் மண்ணில் அவள் பின்னால் இழுபட்டு வந்தது. நுனியை அடைந்ததும் கன்னை நிறுத்தினாள்.

“திருப்புங்க” என்றாள்.

மரக்குதிரைகளின் அருகே நின்ற ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு பெயின்ட் படாத இடமாகப் பார்த்துக் கையை வைத்துக் கொடிமரத்தைப் புரட்டினார்கள். அவள் மறுபக்கத்தையும் அடிக்க ஆரம்பித்தாள்.